இருபத்திரண்டு விநாடியும் ஒரு பொதுக்குளமும்

கெலாங் பாத்தாவில் பிறந்தவனுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். ஒரு பக்கம் பூலாய் ஆறு, மறுபக்கம் ஜொகூர் நீரிணை. ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் "தண்ணிப் பக்கம் போகாதடா!" என்று அம்மா போட்ட சத்தம்தான். சிம்பாங் அராங் கம்பத்து ஓராங் சிலேத்தார் பிள்ளைகள் படகிலிருந்து குதித்து விளையாடுவார்கள். செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்போம்.

மூன்றாம் படிவ விடுமுறையில் மீன் பிடிக்கப் போன இடத்தில் என் வகுப்புத் தோழன் கால் வழுக்கி விழுந்தான். கரையில் நான்கு பேர் இருந்தோம். ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. அதற்கு மேல் அதை எழுத எனக்கு மனமில்லை.

இப்போது நீரிணைக்கு அக்கரையில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். 1998-இல் திறந்த இரண்டாவது இணைப்புப் பாலத்தில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டரில் சிங்கை. அங்கே ஆங் பெங் சியோங் என்றொரு நீச்சல் வீரர். 1982-இல் அமெரிக்க தேசியப் போட்டியில் 50 மீட்டர் சுயபாணி நீச்சலை 22.69 விநாடியில் முடித்தார். அந்த ஆண்டு உலகிலேயே அதைவிட வேகமாக நீந்தியவர் எவருமில்லை. அதே ஆண்டு டெல்லி ஆசிய விளையாட்டில் 100 மீட்டரில் தங்கம். ஆனால் காலம் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. 50 மீட்டர் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது 1988-இல்தான். உலக வெற்றியாளர் போட்டியிலும் 1986-இல்தான் வந்தது. தம் உச்சக் காலத்தில், 1984 லாஸ் ஏஞ்சலிஸில், அவர் 100 மீட்டரில் இறங்கி 'பி' இறுதிச் சுற்றில் முதலாவதாக வந்தார். மொத்தத்தில் ஒன்பதாம் இடம். உலகின் வேக நீச்சல்காரருக்கு அவருடைய போட்டியே இல்லாத ஒலிம்பிக்! அந்த 22.69-ஐ இன்னொரு சிங்கை வீரர் முறியடிக்க 33 ஆண்டுகள் ஆயின. 2015 சீ விளையாட்டில் ஜோசப் ஸ்கூலிங் 22.47 எடுத்தார்.

என்னை யோசிக்க வைத்தது இந்தப் பதக்கக் கணக்கல்ல, அவர் வளர்ந்த இடம். ஃபேரர் பார்க் பொது நீச்சற்குளம். நாம் சிராங்கூன் சாலைக்குச் சேலை வாங்கவும் பெருமாள் கோயிலுக்கும் போகிற அதே வட்டாரம்தான். அவருடைய தந்தை ஆங் தெக் பீ அந்தக் குளத்தில் வேலை பார்த்தவர். (1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஜூடோவில் இறங்கியவரும் அவரே, அப்போது சிங்கை நம்மோடு இருந்தது.) அப்பாவின் வேலையிடம் மகனுக்கு விளையாட்டுத் திடலானது. தனியார் மன்ற உறுப்பினர் அட்டை தேவைப்படவில்லை.

நம்மவர்களுக்கு நீச்சல் வராது என்று சொல்பவர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1971-இல் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார் யாழ்ப்பாணத்துக் குமார் ஆனந்தன். 1994-இல் தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன் அதையே செய்தான். கடலும் பிடிவாதமும் இருந்தால் நெடுந்தூரம் நீந்திவிடலாம். குறுந்தூர நீச்சல் அப்படியல்ல. குதிக்கும் மேடை, அளந்த குளம், மின்னணுக் கடிகாரம், ஒவ்வொரு கைவீச்சையும் திருத்தும் பயிற்றுநர் என எல்லாம் வேண்டும். வெற்றி தோல்வி விநாடியின் நூறில் ஒரு பங்கில் நிற்கிறது. ஒலிம்பிக் அளவுக் குளமில்லாத நாட்டிலிருந்து 2000 சிட்னிக்கு வந்த எரிக் முசம்பானி 100 மீட்டருக்கு 1 நிமிடம் 52 விநாடிக்கு மேல் எடுத்ததைப் பார்த்து உலகம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால் பாதியிலேயே கயிற்றைப் பிடித்திருப்பேன்.

நம் இயக்கங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்வு வழிகாட்டிப் பட்டறைகள் நடத்துகின்றன. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் வருடத்துக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமையை அதிலிருந்து எடுத்து அந்தப் பிள்ளைகளை ஏன் குளத்துக்கு அழைத்துச் செல்லக்கூடாது? வளாகத்தில் குளம் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. கெலாங் பாத்தாவுக்குப் பக்கத்தில் எடுசிட்டி விளையாட்டு வளாகத்திலும் நீச்சற்குளம் கட்டியிருக்கிறார்கள். பேருந்து வாடகை, நுழைவுக் கட்டணம், சான்றிதழ் பெற்ற பயிற்றுநர், உயிர்காப்பாளர், பெண் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்றுநர் அக்கா. இவற்றுக்கு ஆகும் செலவை முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்தால் தாங்கலாம். உடை விஷயத்தில் பெற்றோர் தயங்குவார்கள். முழுக்கை நீச்சலுடை கடையில் கிடைக்கிறது என்று வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் ஆங் பெங் சியோங் ஆகலாம், ஆகாமலும் போகலாம். நாலு பேர் கரையில் நின்றால் ஒருவனாவது குதிக்கத் தெரிந்தவனாக இருப்பான்.

நான் கற்றுக்கொண்டது பல்கலைக்கழகத்தில், இருபத்தொரு வயதில். ஐம்பது மீட்டர் போய்ச் சேர இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. தொலைபேசியில் சொன்னேன். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தலையை நல்லாத் துவட்டினியா?" என்று கேட்டார்.