ஏரியில் படகு விடுங்க, கூடவே "முடியாது"ன்னு சொல்ல ஒரு ஆளையும் வைங்க

எங்க அயனம்பாக்கம் ஏரிக்கு நல்ல காலம் வரப்போகுதாம். சென்னையைச் சுற்றி 10 ஏரிக்கரைகளை 100 கோடி ரூபாயில் மேம்படுத்தப் போறோம்னு சி.எம்.டி.ஏ. 2023-ல் அறிவிச்ச பட்டியல்ல எங்க ஏரியும் இருந்தது. நடைபாதை, பெஞ்சு, விளக்கு எல்லாம் சரி. அதுக்கு அடுத்து எல்லாரும் கேட்கிறது ஒண்ணுதான்: "போட்டிங் எப்போ?" பக்கத்துல பருத்திப்பட்டு ஏரியில் 2019-ல் பசுமைப் பூங்கா திறந்தாங்க, படகுச் சவாரியும் வந்துச்சு. நமக்கு மட்டும் ஏன் இல்லைன்னு கேட்கிறது நியாயம்தான்.

எனக்குப் படகு மேல கோபம் எதுவும் இல்லை மக்களே. என் கேள்வி வேற. "ஆள் நிறைஞ்சாச்சு, இனிமே ஏத்த முடியாது"ன்னு சொல்ற அதிகாரம் யார் கையில இருக்கும்?

பழைய கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

தேக்கடி, செப்டம்பர் 30, 2009. கேரள அரசின் சுற்றுலாக் கழகம் ஓட்டிய இரண்டடுக்குப் படகு. 45 பேர் போயிட்டாங்க, அதுல தமிழ்நாட்டுக்காரங்களும் நிறைய.

பழவேற்காடு, டிசம்பர் 25, 2011. கிறிஸ்துமஸ் அன்னிக்குக் குடும்பத்தோட சவாரி போன 22 பேர்.

தானூர், மே 7, 2023. மீன்பிடிப் படகை மாத்திக் கட்டின சுற்றுலாப் படகு. அளவுக்கு மீறி ஆள் ஏத்தி, இருட்டின பிறகும் ஓட்டினாங்க. 22 பேர்.

வதோதரா ஹர்ணி ஏரி, ஜனவரி 18, 2024. பள்ளிச் சுற்றுலா. 12 குழந்தைகள், 2 ஆசிரியைகள். ஹர்ணி ஊருக்குள்ள இருக்கிற ஏரிங்க, நம்ம ஏரி மாதிரியேதான்.

இதுல எதையும் விதின்னு சொல்லாதீங்க. படகு கவிழ ஓட்டை விழணும்னு அவசியமில்லை. ஆள் கூடக் கூடப் படகு தண்ணியில அமுங்கும். மேல் தளத்துல ஏற ஏற எடையோட மையம் மேலே போகும். அப்போ யாரோ "அங்க பாரு"ன்னு கத்தி, எல்லாரும் ஒரு பக்கம் எழுந்து போனா முடிஞ்சது கதை. படகு சாயும், சாய்ஞ்ச பக்கமே மிச்சப் பேரும் சரிவாங்க. அதுக்கப்புறம் லைஃப் ஜாக்கெட்டைத் தேட நேரம் கிடைக்காது.

சட்டம் இல்லையான்னா, இருக்கு. 1917-ஆம் வருஷச் சட்டத்தைத் தூக்கிட்டு 2021-ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் கொண்டு வந்தாங்க. இயந்திரப் படகுன்னா பதிவு, தகுதிச் சோதனை, ஓட்டுறவருக்குச் சான்றிதழ், காப்பீடு எல்லாமே அதுல உண்டு. தானூரும் ஹர்ணியும் அதுக்கு அப்புறம்தான் நடந்துச்சு!

ஏன்னா, பெரும்பாலும் டிக்கெட் கிழிக்கிறவர்தான் படகையும் கிளப்புறார். ஒரு டிக்கெட் கூடினா அவருக்கு லாபம். அவரையே காவலுக்கும் வெச்சா எப்படி? தியேட்டர்ல 300 சீட்டுன்னா 301-வது டிக்கெட்டைக் கம்ப்யூட்டரே தராது. படகுக்கு மட்டும் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்" எப்படி வருது?

நம்ம ஜனங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. லைஃப் ஜாக்கெட்டா, வியர்வை நாத்தம். போட்டோவுல நல்லா இருக்காது. "இந்த ஏரி என்ன ஆழம், இடுப்பளவுதானே"ன்னு ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார். ஐயா, சவுடு மண் எடுத்த ஏரியில எங்க பள்ளம்னு மேலேர்ந்து பார்த்தா தெரியாது. அடியில சேறு காலைப் பிடிச்சா, நீச்சல் தெரிஞ்சவனும் திணறுவான்.

அதனால எங்க ஏரியில படகு இறங்கும்னா நான் கேட்கிறது இவ்வளவுதான்:

1. ஒவ்வொரு படகிலும் எத்தனை பேர்னு வெளிப்பக்கம் பெருசா, தமிழ்ல எழுதணும். கைக்குழந்தையும் கணக்குல ஒரு ஆள்.

2. ஜாக்கெட்டோட வாரைக் கட்டின பிறகுதான் படகுல காலை வைக்கணும். குழந்தைக்குக் குழந்தை அளவு ஜாக்கெட். பெடல் படகுக்கும் இதேதான்.

3. இருட்டுறதுக்கு முன்னாடி கடைசிப் படகு கரைக்கு வந்துடணும். காத்து கிளம்பினா அன்னிக்குச் சவாரி கிடையாது.

4. எதிரெதிரே வந்தா ரெண்டு படகும் வலப்பக்கம் ஒதுங்கணும். இது உலகம் முழுக்கக் கப்பல்களுக்கு இருக்கிற விதி. ரோட்டுல இடப்பக்கம் போய்ப் பழகின நமக்கு ஏறும்போதே சொல்லித்தரணும். படகுக்கு பிரேக் கிடையாது.

5. டிக்கெட் காசுல பங்கில்லாத ஒருத்தர் படகுத்துறையில் நிக்கணும். அவர் கொடி காட்டாம எந்தப் படகும் கிளம்பக் கூடாது. மீட்புப் படகு ஒண்ணு எப்பவும் தயாரா இருக்கணும்.

முதல் நாலையும் எழுதி போர்டு மாட்டிடுவாங்க. அஞ்சாவது இல்லைன்னா அந்த போர்டு வெறும் பெயின்ட் செலவு.

சக பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை உங்க ஊர்ல படகு ஏறும்போது, இத்தனை பேர்தான்னு எங்கேயாவது எழுதியிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஏறாதீங்க, வந்து ஒரு பதிவு போடுங்க. மொக்கைப் பதிவா இருந்தாலும் பரவாயில்லை.

டிஸ்கி: "நீ போட்டிங் வரவே விடமாட்டே போல"ன்னு திட்டப் போறவங்களுக்கு: எங்க ஏரியில படகு விட்டா முதல் டிக்கெட் எனக்குத்தான். ஜாக்கெட்டோட! :-)