பவளத்துக்கு நாய் மாத்திரையா?

தொட்டியிலுள்ள அக்ரோபோரா பவளம் நிறம் மங்கி, பாலிப்புகளை வெளியே நீட்டாமல் இருக்கிறதா? உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அரை மில்லிமீட்டர் அளவில், மஞ்சள் உடலில் சிவப்புப் புள்ளியோடு ஏதாவது ஊர்ந்தால் அதுதான் 'ரெட் பக்'. பெயர்தான் பூச்சி; உண்மையில் இறால், நண்டுக்குச் சொந்தம்.

அதைக் கொல்வது மில்பிமைசின் ஆக்சிம். நாய்களுக்கு இதயப்புழு வராமல் தடுக்கத் தரும் 'இன்டர்செப்டர்' மாத்திரையில் இருக்கும் மருந்து. இதைக் கால்நடை மருத்துவர்தான் எழுதித் தரவேண்டும். நாயே இல்லாதவர் போய்க் கேட்டால் அவர் சற்று விழிக்கத்தான் செய்வார். பவளத்தின் படங்களோடும் தொட்டி நீரின் அளவோடும் போய் உள்ளதைச் சொல்லுங்கள். இல்லாத நாய்க்கு நோய் கற்பிக்க வேண்டாம். பக்கத்து வீட்டு நாயின் மாத்திரையைக் கடன் வாங்குவதும் வேண்டாம். 'பிளஸ்' என்று வருவதில் நாடாப்புழு மருந்தான பிராசிகுவான்டெலும் கலந்திருக்கும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம்.

தொட்டியில் வளர்க்கும் இறால், நண்டையும் இந்த மருந்து விட்டுவைக்காது. முதலில் அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். மருந்திட்டு ஆறு மணி நேரம் கழித்து நீரில் ஒரு பகுதியை மாற்றி, கரி வடிகட்டியை ஓடவிடுவது வழக்கம். வார இடைவெளியில் மறுபடியும் செய்வார்கள்.

பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவுக்கு மில்பிமைசின் பலிக்காது. அதற்கான வைத்தியம் அடுத்த வாரம்.