இறைச்சி உலர்த்தும் பெட்டியும் தராசும்

இறைச்சியை உலர்த்திச் சேமிப்பது நம் நாட்டிற்குப் புதியதன்று. தமிழ்நாட்டு உப்புக்கண்டம், சிக்கிமிலும் டார்ஜிலிங் மலைகளிலும் வழங்கும் சுக்குட்டி, நாகர் இல்லங்களில் அடுப்பின் மேல் தொங்கும் புகையூட்டிய இறைச்சி ஆகிய யாவும் ஒரே தேவையில் பிறந்தவை. எனினும் திறந்த வெளியில் உலர்த்துங்கால் ஈயும் தூசியும் மழையும் குறுக்கிடுகின்றன. ஆகவே வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க உலர்த்தும் பெட்டியைக் கிராமங்களில் பரப்புவது நன்று. ஆனால் தராசு இல்லாத இடத்தில் இப்பெட்டியைக் கற்பித்தலாகாது என்பது என் உறுதியான கருத்து.

தென் ஆப்பிரிக்க இல்லங்களில் 'பில்டாங்' எனும் உலர் இறைச்சி இத்தகைய பெட்டியில் செய்யப்படுகிறது. மாட்டிறைச்சிக் கீற்றுகளில் காடி, உப்பு, மிளகு, கொத்துமல்லி விதை ஆகியவற்றைத் தடவிக் கொக்கிகளில் தொங்கவிடுவர். அடியில் ஒரு மின்விளக்கு எரியும். சூடான காற்று ஈரத்தை ஏந்தி மேல்துளைகள் வழியே வெளியேற, கீழ்த்துளைகள் வழியே புதுக்காற்று நுழையும்.

விளக்கு இறைச்சியைச் சுடுவதற்காக வைக்கப்பட்டது எனப் பலர் எண்ணக்கூடும். அது தவறு. 25 டிகிரி சென்டிகிரேடில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 50 சதவீதமாகக் குறைகிறது. ஈரத்தை ஏற்கும் ஆற்றலைக் காற்றுக்கு அளிப்பதே விளக்கின் பணி. அந்தக் காற்று நகராவிடில் பயனில்லை. தொடக்கத்திலேயே மிகுந்த வெப்பமூட்டினாலோ, கீற்றின் மேற்புறம் தோல்போல் இறுகி, உள்ளீரம் வெளியேற வழியின்றி அழுகிவிடும்.

பெட்டியின் அமைப்பு எளியது. ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் உயரமுள்ள மரப்பெட்டி போதும். கீழும் மேலும் துளைகளிட்டு, ஈ நுழையாத நுண்வலையால் மூடுக. 60 வாட் இழைவிளக்கைப் பலகையில் படாதவாறு பொருத்தி, சாறு சொட்டாதிருக்க அதன் மேல் தகரத் தட்டு ஒன்றை அமைக்க. இன்று வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்கு போதிய வெப்பம் தராது. இதனை ஊழியர் நினைவிற்கொள்ள வேண்டும். பழைய கணினியின் சிறு விசிறியை மேல்துளையில் வைப்பின் காற்றோட்டம் பெருகும். கொழுப்பு விரைவில் காறிப்போகுமாதலின், கொழுப்பு நீக்கிய சதையை அரை சென்டிமீட்டர் கனமுள்ள கீற்றுகளாக அரிந்து, ஒன்றோடொன்று தொடாமல் தொங்கவிடுக.

இனி எச்சரிக்கை. பில்டாங் வேகவைக்கப்படுவதில்லை. தென் ஆப்பிரிக்க உள்நாட்டுப் பகுதிகளின் வறண்ட குளிர்காலக் காற்று அம்முறைக்குத் துணைநிற்கிறது. அதை நம் மழைநாடுகளில் அப்படியே பின்பற்றுவது பேதைமை. 35 டிகிரி வெப்பம் நோய்க்கிருமிகள் பெருகவும் உகந்ததாகும். பன்றியிறைச்சியிலோ நாடாப்புழுவின் இளநிலைக் கட்டிகள் இருக்கக்கூடும்; உப்பும் உலர்த்தலும் அவற்றைக் கொல்லும் என நம்புவதற்கில்லை. ஆகவே கீற்றுகளை உப்பும் காடியும் கலந்த நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, உட்புறமும் 71 டிகிரியை எட்டிய பின்னரே பெட்டியில் இடவேண்டும்.

உலர்ந்தது என்பதை எவ்வாறு அறிவது? 'இரண்டு நாள்' என்று சொல்லிக்கொடுப்பதே பெரும் பிழை. லே நகரில் ஆண்டு மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். சிரபுஞ்சியிலோ 10,000 மில்லிமீட்டருக்கும் மேல். ஈரிடத்தும் இரண்டு நாள் ஒன்றாகுமா? தராசு ஒன்றே பொய் சொல்லாது. கொழுப்பற்ற பச்சை இறைச்சியில் நான்கில் மூன்று பங்கு நீர். ஒரு கிலோகிராம் பச்சை இறைச்சி, நெடுநாள் சேமிப்பதற்கு, ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைய வேண்டும். பாதி எடையில் நிறுத்தினால், கையில் உலர்ந்ததாகத் தோன்றினும் உள்ளே பூசணத்திற்கு வேண்டிய ஈரம் எஞ்சியிருக்கும். உலர்ந்தபின் ஆறவிட்டு, காற்றுப்புகாத டப்பாவில் அடைத்தல் வேண்டும். இல்லையேல் மழைக்காலக் காற்றிலுள்ள ஈரத்தை அது மீண்டும் பற்றிக்கொள்ளும்.

ஆசிரியர்கட்கு இது நல்லதொரு பாடமுமாகும். இறைச்சியைத் தொட விரும்பாத பள்ளியில் நனைத்த துணித்துண்டுகள் போதும். துளைகளை மூடி ஒருமுறையும் திறந்து ஒருமுறையும் உலர்த்தி, மணிக்கொருமுறை நிறுத்துக் குறித்துவரச் செய்க. காற்றின் பங்கினை மாணவர் தாமே கண்டறிவர்.

பெட்டியைப் பலகையும் ஆணியும் கொண்டு எவரும் செய்துவிடலாம். அதனுள் நிகழ்வதை அளந்தறியும் பழக்கத்தை ஊட்டுவதே ஊழியரின் கடமை. அப்பழக்கமின்றிப் பெட்டியை மட்டும் பரப்பினால், கெட்ட உணவை உண்ணும் குடும்பமே நம் அவசரத்தின் விலையைக் கொடுக்க நேரும்.