எடை போட வேண்டியது எதை?

2008 ஆகஸ்டு 29. அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்னுக்கு அன்று 72 வயது நிறைந்தது. அன்றுதான் அவர் தமது துணை அதிபர் வேட்பாளரை அறிவித்தார். சாரா பேலின் என்ற அம்மையார். அலாஸ்கா மாநில ஆளுநர். அந்தப் பதவிக்கு வந்து இரண்டாண்டும் நிறையாதவர். முன்பு வசில்லா எனும் சிற்றூரின் மேயராக இருந்தவர்.

"யார் இவர்?" என்று நாடு கேட்டது. கேட்கத்தான் வேண்டும்! முதியவரான அதிபருக்கு ஏதேனும் நேர்ந்தால், அணு ஆயுதங்களுக்கு ஆணையிடும் அதிகாரம் அவர் கைக்கு அல்லவா வரும்? ஆளத் தெரியுமா, உலகம் தெரியுமா, ஏழையின் பாடு தெரியுமா என்று ஆயிரம் கேள்வி கேட்கலாம்.

ஆனால், சிலர் கேட்டது என்ன? ஐந்து பிள்ளை பெற்றவளுக்கு அரசியல் எதற்கு என்றனர். கைக்குழந்தையை யார் பார்த்துக் கொள்வார் என்றனர். மணமாகாத 17 வயது மகள் கருவுற்றிருக்கிறாளாமே என்று கைகொட்டிச் சிரித்தனர். கைக்குழந்தையின் பிறப்பைக் குறித்தே கதை கட்டினர். எதிரணியில் நின்ற பராக் ஒபாமாவுக்கும் இரண்டு பெண் குழந்தைகள் உண்டே! அவர்களுக்குத் தலைவாரிப் பின்னலிடுவது யார் என்று எவரேனும் கேட்டதுண்டா? ஆணென்றால் திட்டத்தைக் கேட்பது, பெண்ணென்றால் தொட்டிலைக் கேட்பது! என்னே இவர்கள் நீதி!

அந்த நேரத்தில் ஒபாமா என்ன செய்தார்? எதிரியின் வீட்டில் எரிகிறது, குளிர்காயலாம் என்று எண்ணினாரா? இல்லை. குடும்பத்தைத் தொடாதீர்கள், குழந்தைகளை அறவே தொடாதீர்கள் என்றார். என்னைப் பெற்றபோது என் தாய்க்கு வயது 18 என்றார். என் அணியில் எவரேனும் இதில் ஈடுபட்டிருந்தால் வேலையிலிருந்து நீக்குவேன் என்றார். வாக்குக்காக நாவைத் தாழ்த்தாத தலைவனுக்கு அது அழகு.

மறுபக்கம் மட்டும் மாசற்றதா? பயங்கரவாதிகளோடு உறவாடுபவர் ஒபாமா என்று அதே பேலின் அம்மையார் மேடையில் முழங்கினார். விதைத்தது முளைத்தது. அக்டோபர் 10ஆம் நாள் மின்னசோட்டா மாநிலத்துக் கூட்டமொன்றில் ஒரு மூதாட்டி எழுந்து, ஒபாமாவை நம்ப முடியவில்லை, அவர் அரபியர் என்றார். மெக்கெய்ன் ஒலிபெருக்கியைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பத்தவர். அவரோடு எனக்குக் கருத்து வேற்றுமை உண்டு, அவ்வளவே என்றார். அவரது கட்சியினரே அன்று அவரைப் பார்த்துக் கூச்சலிட்டனர். அவர் அசையவில்லை.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது: அரபியர் என்பது வசைச்சொல்லா? அதை ஒன்பது நாள் கழித்துக் கேட்டவர், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவல். ஒபாமா கிறித்தவர்தான்; முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன குற்றம் என்று கேட்டார். சொந்தக் கட்சியின் செவியில் அறைந்த சொல் அது!

அனுபவமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். ஒபாமாவும் மேலவையில் நான்காண்டு நிறையாதவரே. ஆபிரகாம் லிங்கன் நாடாளுமன்றக் கீழவையில் இருந்தது ஒரே தவணை, 1847 முதல் 1849 வரை. அவருக்கு முன் அதிபராயிருந்த புக்கானனோ கீழவை, மேலவை, தூதர் பதவி, வெளியுறவு அமைச்சு என எல்லாப் படியும் ஏறியவர். அந்த அனுபவசாலியின் ஆட்சியில்தான் ஏழு தென் மாநிலங்கள் நாட்டை விட்டுப் பிரிந்தன. அனுபவமற்றவர் என்று எள்ளப்பட்டவர்தான் 1863இல் அடிமைகளின் விடுதலையை அறிவித்தார். புதியவரெல்லாம் லிங்கன் ஆகிவிட மாட்டார், உண்மை. ஆனால் புதியவர் என்பதே தீர்ப்பாகவும் ஆகிவிடாது.

அப்படியானால் எடையே போடக்கூடாதா? போட வேண்டும், தோழர்களே, துல்லியமாகப் போட வேண்டும்! எந்த ஏடுகளைப் படிக்கிறீர்கள் என்று தொலைக்காட்சிப் பேட்டியில் ஒரு பெண் செய்தியாளர் பேலினைக் கேட்டார். ஓர் ஏட்டின் பெயரையும் அவரால் சொல்ல முடியவில்லை. வசை இல்லை, வதந்தி இல்லை. ஒரே ஒரு நேர்மையான கேள்வி! ஆயிரம் அவதூறு செய்ய முடியாததை அது செய்தது. நவம்பர் 4இல் மக்கள் தீர்ப்பளித்தனர்: தேர்வர் வாக்குகளில் ஒபாமா 365, மெக்கெய்ன் 173.

இதில் உழைப்பாளிக்கு என்ன என்று கேட்பீர்கள். அந்தச் செப்டம்பர் 15ஆம் நாள் லேமன் பிரதர்ஸ் எனும் பெரும் நிதி நிறுவனம் சரிந்தது. ஆலைத் தொழிலாளி வேலை இழந்தான். கடன் கட்ட முடியாத குடும்பம் வீட்டை இழந்தது. அவன் கூலி என்னாகும், குடியிருப்பு என்னாகும் என்று கேட்க வேண்டிய வேளையில், பேலின் அம்மையாரின் உடைக்குக் கட்சி செலவிட்ட 1,50,000 டாலரைப் பற்றி நாள்கணக்கில் பேசினர். கட்சிப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது முறைதான். ஆனால், நிறம் என்ன, நேர்த்தி என்ன என்று பேசப் பேச, கூலிக்காரனின் கேள்வி காற்றோடு போயிற்று. ஆளைப் பற்றிய அரட்டையால் ஆதாயம் யாருக்கு? பதில் சொல்ல வேண்டிய பொறுப்பிலிருந்து தப்பியவருக்கு!

ஆகவே, மேடை ஏறும் தோழனே! எதிரே நிற்பவர் புதியவரா? அவர் யாருக்குப் பிறந்தார், யாரை மணந்தார், என்ன உடுத்தினார் என்று ஆராயாதே. கூலிக்கு என்ன வழி, கல்விக்கு என்ன திட்டம், விலைவாசிக்கு என்ன மருந்து என்று கேள். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்ல இடம் கொடு. பதிலை மக்கள் முன் வை. தராசு அவர்கள் கையில் இருக்கிறது. அதில் சேற்றை அள்ளி வைக்காதிருப்பதே உன் வேலை.