புகை போகும் வழி

ஆம்பூருக்குப் போய் வருகிறவர்கள் பிரியாணியைப் பற்றித்தான் எழுதுவது வழக்கம். நாமும் அதைச் சாப்பிட்டோம். குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்த வாரம் எழுத எடுத்துக்கொண்ட விஷயம் அது வெந்த அடுப்பு. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த அடுப்பின் புகை எந்த வழியாக வெளியே போவது என்பது.

நண்பர் ஒருவரின் வீடு. அவருடைய பாட்டனார் தோல் வியாபாரத்தில் நாலு காசு சேர்த்த காலத்தில் கட்டியது, மச்சு வீடு. சமையலறையில் காஸ் அடுப்பு இருக்கிறது. அன்றாடச் சோறும் குழம்பும் டீயும் அதில்தான். பெருநாள், கல்யாணம், ஊரிலிருந்து விருந்தாளி என்று வந்தால் மட்டும் பெரிய தேக்சா விறகடுப்பில் ஏறும். தேக்சாவின் மூடிமேல் தணலை அள்ளிக் கொட்டி 'தம்' போட வேண்டிய காரியத்தைக் காஸில் செய்ய முடியாது என்பது நண்பருடைய தாயாரின் தீர்மானமான அபிப்பிராயம். சாப்பிட்டவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு விருந்துக்கும் பிறகு அந்த அம்மாள் இரண்டு நாள் இருமிக்கொண்டே இருக்கிறார். கண் சிவந்து நீர் வடிகிறது. சமையலறைச் சுவர் கரி பூசினாற்போல் இருக்கிறது. "இந்த வருஷம் எப்படியும் புகைபோக்கி வைத்துவிடுவது" என்று நண்பர் முடிவு செய்து கொத்தனாரை அழைத்திருந்தார்.

கொத்தனார் வந்தார், சுற்றிப் பார்த்தார், தென்கிழக்கு மூலையைக் காட்டினார். "இதுதான் அக்கினி மூலைங்க. இங்கேயே அடுப்பைப் போட்டு, நேர் மேலே ஓர் ஓட்டை போட்டுவிட்டால் முடிந்தது. அரை நாள் வேலை" என்றார்.

நாம் அண்ணாந்து பார்த்தோம். அந்த மூலைக்கு நேர் மேலே தேக்கு உத்தரம் ஒன்று சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது.

பழைய மச்சைப் பற்றி இங்கே சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். மெட்ராஸ் தளம் என்று பெயர் பெற்ற கட்டு இது. உத்தரங்களின்மேல் நெருக்கமாகக் குறுக்குக் கட்டைகள். அவற்றின்மேல் செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்பில் பதித்த வரிசை. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டையால் அடித்து இறுக்கிய கனம். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. சுண்ணாம்பில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். தோல் பதனிடுகிறவர்கள் ஆவாரம்பட்டையோடு பயன்படுத்தி வந்த அதே கடுக்காய்தான். இந்தத் தளத்தில் ஒரு செங்கல் பக்கத்துச் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சம்மட்டியால் ஓர் ஓட்டை போட்டால் அந்த ஓட்டையோடு காரியம் நிற்காது; சுற்றிலும் நாலு வரிசை தளர்ந்துவிடும். மழைக்காலத்தில் அது எந்த இடத்தில் ஒழுகும் என்று யாரும் சொல்ல முடியாது. போதாததற்கு, சூடான குழாய் தேக்குக் கட்டையைத் தொட்டுக்கொண்டு போனால் மரம் வருஷக்கணக்கில் காய்ந்து கருகி, ஒரு நாள் எதிர்பாராமல் பற்றிக்கொள்ளும்.

அடுப்புக்காகத் தளத்தை உடைக்கக் கூடாது. தளம் இடம் கொடுக்கும் இடத்துக்குக் கீழே அடுப்பைக் கொண்டுபோக வேண்டும். நாம் கொத்தனாரிடம் சொன்னது இவ்வளவுதான். அவர் முகம் அவ்வளவு மலரவில்லை.

புகையில்லாத அடுப்பு என்பது நம் தேசத்தில் புதிய யோசனை அல்ல. தஞ்சாவூரில் பிறந்தவரான ஜே. ஸி. குமரப்பா காரியதரிசியாக இருந்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம், வார்தாவில் மகன்வாடி என்ற இடத்திலிருந்து வேலை செய்தது. 1947-ஆம் வருஷத்தை ஒட்டி அங்கிருந்து வந்ததுதான் 'மகன் சூலா'. களிமண்ணால் செய்த அடுப்பு. நெருப்பு ஒரு பாத்திரத்தின் அடியிலிருந்து அடுத்த பாத்திரத்தின் அடிக்குப் போய், கடைசியில் குழாய் வழியாக வெளியேறும். ஹைதராபாத்தில் டாக்டர் எஸ். பி. ராஜு என்ற எஞ்சினீயர் இதே காரியத்தில் ஈடுபட்டு 1953-ல் புத்தகமே எழுதினார். 1980-களில் இந்திய சர்க்கார் தேசியத் திட்டமாக எடுத்துக்கொண்டு, 2002-ல் அதை நிறுத்துவதற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது.

அவ்வளவு அடுப்புகளும் எங்கே? ஒரிஸ்ஸாவில் 'கிராம் விகாஸ்' என்ற ஸ்தாபனம் புகைபோக்கியோடு கட்டிக் கொடுத்த அடுப்புகளை ஆராய்ச்சியாளர்கள் நாலு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வருஷம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அடுப்பு உடைந்தால் செப்பனிடவில்லை, குழாய் அடைத்தால் சுத்தம் செய்யவில்லை, பலர் உபயோகிக்கவே இல்லை. மூவரும் 2012-ல் வெளியிட்ட முடிவு இது. ஆதலால் புகைபோக்கி வைக்கிறவர் அடுப்பின் அழகை யோசிப்பதற்கு முன் கரியை எப்படி எடுப்பது என்று யோசிக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 12 அடி உயரமுள்ள குழாய். உள்ளே புகையின் சூடு 150 டிகிரி சென்டிகிரேட், வெளியே 32 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழாய் புகையை மேலே இழுக்கும் விசை ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள தண்ணீரின் எடைக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான்! இத்தனை மெலிந்த இழுப்பை ஒரு கூர்மையான வளைவு பாதியில் மடக்கிவிடும். கால் அங்குலக் கரி படிந்தால் இன்னும் மோசம். ஈர விறகின் புகை குழாய்க்குள் தார்போல ஒட்டிக்கொள்ளும். மேலே போக முடியாத புகை கீழே திரும்பும். அதில் வாசனை இல்லாத விஷவாயுவும் கலந்து வரும். குழாய் நேராக இருக்க வேண்டும் என்பதும், வளைத்தே ஆக வேண்டுமானால் ஒரே நேர்கோண வளைவுக்குப் பதில் சாய்வான இரண்டு வளைவுகள் வேண்டும் என்பதும் இதனால்தான்.

நண்பர் வீட்டு விஷயத்துக்கு வருவோம். குறுக்குக் கட்டைகளின் இடைவெளியை அளந்தோம், ஒன்றரை அடி. பெரிய தேக்சா அடுப்புக்கு ஆறு அங்குலக் குழாய் தேவை. அதை நட்ட நடுவில் விட்டால்கூட இரு பக்கமும் மரத்துக்கு ஆறு அங்குலந்தான் மிஞ்சும். ஒரு சாண் இடைவெளியாவது இல்லாமல் குழாயை மரத்தருகே விட நமக்குத் தைரியம் இல்லை. சுவரைத் துளைத்துக் கொல்லைப்புறமாகக் கொண்டுபோகலாமா என்று பார்த்தால், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஜன்னல்.

அப்போது நண்பரின் தாயார், "அந்த வெளிச்சக் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் என்ன?" என்று கேட்டார்.

சமையலறையின் வடபக்கத்தில், வெளிச்சத்துக்காகப் பாட்டனார் விட்டிருந்த இரண்டடிச் சதுரத் திறப்பு! கட்டைகளை அதற்கென்று ஒதுக்கி, மேலே செங்கல்லால் முக்காலடி விளிம்பு எழுப்பி, கண்ணாடி போட்டிருந்தார்கள். எழுபது வருஷமாக ஒரு சொட்டு ஒழுகியதில்லை. நடுவில் குழாயை விட்டால் நாலு பக்கமும் சரியாக ஒரு சாண். வீட்டுக்காரரும் கொத்தனாரும் நாமும் ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்தும் கண்ணில் படாத விஷயம், தினம் அங்கே நிற்கிறவருக்குத் தெரிந்திருந்தது.

திட்டம் இப்படி முடிவாயிற்று. கண்ணாடியை எடுத்துவிட்டு விளிம்பின்மேல் துளையிட்ட கடப்பைக்கல் ஒன்று. துளையில் எட்டு அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றைப் பதித்து, கல்லுக்குமேல் அரை அடி நிமிர்த்துவது. அதன் நடுவே புகைக்குழாய் எதையும் தொடாமல் ஏறும். சூட்டில் நீண்டு குளிரில் சுருங்குவதற்கு அதற்கு இடம் வேண்டும். சிமெண்டு வைத்து இறுக்கினால் முதல் வருஷமே விரிசல்தான். புகைக்குழாயின் இடுப்பில் பாவாடைபோல ஒரு தகரக் குடையைக் கட்டி வெளிக்குழாயின் வாயை மூடிவிட்டால் ஐப்பசி மழை உள்ளே வராது. உச்சியில் ஒரு தொப்பி. குழாய் சுட்ட மண்ணாக இருக்கட்டும். முன்பு தாராளமாக வைத்த ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வேண்டாம். அதை அறுக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது; ஒரு புகையை விரட்ட இன்னொரு நஞ்சை அழைப்பானேன்? மண்குழாயின் பாரம் தளத்தில் தொங்காமல் அடுப்பை ஒட்டிய செங்கல் தூணில் நிற்க வேண்டும். இந்த மாதிரி திறப்பு இல்லாத பழைய மச்சானால், கட்டைகளைத் தொடாமல், தட்டோட்டை முதலில் பெயர்த்து, அடியில் முட்டுக் கொடுத்து, உளியால் செங்கல் செங்கல்லாக எடுக்க வேண்டும். கான்கிரீட் தளமானால் கம்பியை அறுக்காமல் இருந்தால் சரி.

உயரத்தைப் பற்றித்தான் சிறிது விவாதம் நடந்தது. தளத்துக்குமேல் மூன்றடி போதும் என்றார் கொத்தனார். ஆனால் கைப்பிடிச் சுவரே மூன்றடி. அதன்மேல் புரளும் காற்று புகையைக் கீழே தள்ளும். தவிர, ஆம்பூரில் மாடிகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. பக்கத்து மாடியில் வடாம் காய்கிறது. கோடையில் குழந்தைகள் படுக்கிறார்கள். நம் வீட்டுப் புகையை அவர்கள் தலையில் கொட்டுவது நியாயமாகாது. சுவருக்குமேல் இன்னும் மூன்றடி என்று முடிவு செய்து, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டச் சொன்னோம். ஊரைச் சுற்றியுள்ள தோல் தொழிற்சாலைகளில் கொதிகலன் புகைக்கு எத்தனை அடி உயரத்தில் குழாய் நிற்கிறது என்று மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிறது. அந்தத் தோலில் சம்பாதித்த வீடுகளின் சமையலறைக்குத்தான் இவ்வளவு காலம் ஒன்றும் இல்லை.

புகைபோக்கி வைத்தால் எல்லாம் சுகம் என்று நாம் சொல்லவில்லை. வீட்டுப் புகையால் 2020-ல் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. விறகை எரித்தால் ஓரளவு புகை அறையில் தங்கத்தான் செய்யும். அன்றாடச் சமையல் காஸிலேயே நடக்கட்டும். வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு நாளைய தேக்சாவுக்குத்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

தூக்குக்குண்டைத் திறப்பின் நடுவிலிருந்து இறக்கி, அது தொட்ட இடத்தில் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டாயிற்று. கரி எடுக்கும் கதவைத் தூணின் அடியில் வைக்கக் கொத்தனார் குறித்திருந்தார். நண்பரின் தாயார் அதைப் பார்த்து, "குனிந்து எடுக்க என்னால் ஆகாது, தம்பி, இங்கே வையுங்கள்" என்று தம் இடுப்பளவில் கையைக் காட்டினார். கொத்தனார் பழைய கோட்டை அழித்துவிட்டு, அவர் கை நின்ற இடத்தில் புதுக்கோடு போட்டார். மழைக்கு முன்னால் வேலை முடிந்தாக வேண்டும்.