பெயரை நம்பும் கணிப்பொறி



கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். கல்லூரியில் தன் மடிக்கணினியைத் திறந்தவுடன் அது வைஃபையில் இணைந்துவிடுகிறது. மாலையில் உறவினர் வீட்டில் திறந்தால் அவ்வீட்டு வைஃபையைப் பற்றிக்கொள்கிறது. அவன் எதையும் தொடவில்லை. அப்படியானால் இந்தத் தேர்வைச் செய்தது யார்?

நாம் ஒருமுறை இணைந்த ஒவ்வொரு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் கணிப்பொறி ஒரு பட்டியலில் குறித்து வைத்துக்கொள்கிறது. பிறகு, சுற்றிலும் ஒலிபரப்பாகும் பெயர்களைக் கேட்டு, அவற்றுள் பட்டியலில் உள்ளதைத் தேடுகிறது. இரண்டு, மூன்று பெயர்கள் ஒரே நேரத்தில் கிடைத்தால் என்ன செய்யும்? விண்டோஸ் நம் செயலைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. இரண்டு இணைப்புகள் எட்டும் இடத்தில், ஒன்றை விட்டு மற்றொன்றில் நாமே இணைந்தால், அதன்பின் இரண்டாவதற்கே முன்னுரிமை தருகிறது. நாமே துண்டித்த இணைப்பில் மீண்டும் தானாகச் சேர்வதில்லை. ஆப்பிள் சாதனங்களோ வீடு, அலுவலகம் போன்ற தனியார் இணைப்புகளைப் பொது இடத்து இணைப்புகளுக்கு முன்னே வைக்கின்றன. தரம் சமமானால் பாதுகாப்பு வலுவானதை எடுத்துக்கொள்கின்றன; பூட்டில்லாத இணைப்பு கடைசியில்தான் வருகிறது.

இந்த ஏற்பாடு வசதியானதே. ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. கடவுச்சொல் உள்ள இணைப்பில், அச்சொல் தமக்குத் தெரியும் என்பதை இரு தரப்பும் ஒன்றுக்கொன்று மெய்ப்பித்தாக வேண்டும். கடவுச்சொல் இல்லாத திறந்த இணைப்பிலோ பெயர் ஒன்றே அடையாளம். பெயர் ஒத்திருந்தால் கணிப்பொறி கதவைத் திறந்துவிடும்.

நம் நாட்டில் 6,000க்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களில் ரெயில்டெல் நிறுவனம் 'ரெயில்வயர்' என்ற பெயரில் வைஃபை வழங்குகிறது. ஒரு நிலையத்தில் இணைந்த செல்போன் அடுத்த நிலையத்திலும் அப்பெயரை அடையாளம் கண்டுகொள்கிறது. பயணிகளுக்கு அது நன்மையே. ஆயினும் அதே பெயரை ஒரு சிறு கருவியில் வைத்துக்கொண்டு வேறொருவர் பக்கத்தில் அமர்ந்திருந்தால், அசல் எது, போலி எது என்று செல்போன் அறியாது.

இது கற்பனை அச்சமன்று. டினோ டாய் சோவி, ஷேன் மெக்காலே என்ற இருவர் இந்தத் தானியங்கித் தேர்வையே தாக்கும் வழியை 2005இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். ஆஸ்திரேலியாவில் விமான நிலையங்களிலும் விமானங்களிலும் போலி வைஃபை பரப்பியதாக ஒருவர்மீது காவல்துறை 2024இல் குற்றஞ்சாட்டியது. அதில் இணைந்தவர்களுக்கு ஒரு போலிப் பக்கம் தோன்றி, மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்டது. மின்னஞ்சல் பிறர் கைக்குப் போனால், அதைக் கொண்டு மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்றிவிட முடியும்.

வாசலில் யாரோ நம் சொந்தக்காரரின் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டினால், வீட்டிலுள்ள பெண்கள் உடனே தாழ்ப்பாளை நீக்குகிறார்களா? குரலைக் கேட்டு, ஜன்னல் வழியே பார்த்த பிறகே திறக்கிறார்கள். அந்த விவேகம் இயந்திரத்திற்கு இல்லை. அதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

இன்றிரவே வீட்டிலுள்ள செல்போன்களையும் கணினிகளையும் எடுத்து, வைஃபை அமைப்பில் சேமித்த பெயர்களைப் பாருங்கள். ரயில் நிலையம், தங்கும் விடுதி, கடை ஆகியவற்றின் திறந்த இணைப்புகளை 'மறந்துவிடு' என்ற கட்டளையால் நீக்குங்கள். அடிக்கடி தேவைப்படுவதாயின் 'தானாக இணை' என்பதை மட்டும் அணைத்துவிடுங்கள். வீட்டு இணைப்புக்கு வலுவான கடவுச்சொல் வையுங்கள். பொது வைஃபையின் பக்கம் எதுவாயினும் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்டால் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் உழைக்கும் தந்தையோ கணவரோ அனுப்பும் பணம் இன்று இந்தச் சிறு கருவியின் வழியாகத்தான் நம் கைக்கு வருகிறது. அதன் வாசலில் யாரை அனுமதிப்பது என்பதை இயந்திரத்திடம் முழுவதுமாக விட்டுவிடுவது தகுமா?