கற்பித்தலில் எஞ்சிய முக்காற்கூறு: தமிழ் வகுப்பறையும் தொழிற்பயிற்சியும்

தமிழ் முதுகலை மாணாக்கரின் வேலைவாய்ப்புக் குறித்த உரையாடல்கள் பெரும்பாலும் பாடத்திட்ட மாற்றத்தோடு நின்றுவிடுகின்றன. இதழியல், மொழிபெயர்ப்பியல், பதிப்பியல், கணினித்தமிழ் எனப் புதிய தாள்கள் சேர்க்கப்படுகின்றன. தாளின் பெயர் மாறினும் வகுப்பறையின் இயல்பு மாறுவதில்லை. மெய்ப்புத் திருத்தத்தின் வரையறை, வகை, பயன் ஆகியன விரிவுரையாகச் சொல்லப்படுகின்றன. மாணாக்கர் அவற்றைக் குறித்துக்கொண்டு பருவத்தேர்வில் மீள எழுதுகின்றனர். ஒரு பக்கத்தையேனும் திருத்திப் பாராமலே பதிப்பியலில் தேர்ச்சி பெற இயல்கிறது. மாணாக்கரைத் தொழிலுக்கு ஆயத்தம் செய்வது, எதைக் கற்பிப்பது என்பதைக் காட்டிலும் எவ்வாறு கற்பிப்பது என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது.

இதற்கான அடிப்படையைத் தமிழ் மரபிலேயே காணலாம். 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பவணந்தி முனிவர், நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் புலமை பெறும் முறையைப் பகுத்துக் காட்டுகிறார். ஆசிரியர் உரைத்ததை முழுமையாக உளங்கொண்டாலும் கைகூடுவது காற்கூறே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு வாய்க்கும். பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைக்கூறு நிறைவுறும். இன்றைய வகுப்பறை தன் நேரம் அனைத்தையும் முதற் காற்கூற்றுக்கே செலவிடுகிறது. பாயிரத்தைப் பாடமாக நடத்தும் வகுப்பிலேயே பாயிரம் கூறும் முறை பின்பற்றப்படாதது எண்ணத்தக்கது.

இதன் விளைவு மாணாக்கரின் எழுத்தில் வெளிப்படுகிறது. இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும் என்னும் விதியைப் பிழையின்றிச் சொல்லும் மாணாக்கர், தம் ஆய்வேட்டில் அவ்விதியைப் பக்கந்தோறும் மீறுவதுண்டு. ‘வேலை கொடுத்தான்’ என்பது பணி தந்ததையும், ‘வேலைக் கொடுத்தான்’ என்பது வேலாயுதத்தைத் தந்ததையும் குறிக்கும். ஓர் ஒற்று பொருளையே மாற்றும் இவ்விடத்தில் இலக்கணம் தேர்வுக்குரிய செய்தியாக நில்லாமல் தொழிற்கருவியாகிறது. பதிப்பகமும் செய்தி நிறுவனமும் மொழிபெயர்ப்புப் பணியும் எதிர்பார்ப்பது இக்கருவியைக் கையாளும் திறனையே.

இத்திறனை வளர்க்கும் வகுப்பு மூன்று படிகளில் அமையலாம். முதலாவதாக, திருத்தப்படாத ஒரு பக்கத்தை ஆசிரியர் அனைவர்க்கும் வழங்க, ஒவ்வொருவரும் தனித்துத் திருத்துவர். இரண்டாவதாக, இருவர் இருவராக அமர்ந்து தத்தம் திருத்தங்களை ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களைப் பட்டியலிடுவர். மூன்றாவதாக, ஒவ்வொருவரும் ஒரு திருத்தத்தை எடுத்துக்கொண்டு, அதற்குரிய விதியைக் காட்டி வகுப்பின்முன் நிறுவுவர். ‘கோயில்’, ‘கோவில்’ ஆகிய இரு வடிவங்களும் வழக்கில் உள்ளன. எனினும் ஒரு நூலுக்குள் ஒன்றையே சீராகக் கொள்ளவேண்டும் என்பது பதிப்பாளரின் முடிவு. விதியால் முடிவதும் ஒருமைப்பாடு கருதித் துணியவேண்டுவதும் வெவ்வேறு என்பதை மாணாக்கர் இத்தகைய விவாதத்திலேயே உணர்வர். மொழிபெயர்ப்புக்கும் கலைச்சொல்லாக்கத்துக்கும் இம்முறை பொருந்தும்.

அறுபது பேர் அமர்ந்த வகுப்பில் இது இயலுமா என்னும் ஐயம் நியாயமானதே. அறுபது தாள்களையும் ஆசிரியர் ஒருவரே திருத்துவது கடினம். ஆயின் இரண்டாம் படியில் மாணாக்கரே ஒருவர்க்கொருவர் திருத்துநராகின்றனர்; ஆசிரியர் முரண்பட்ட இடங்களை மட்டும் தீர்த்துவைத்தால் போதும். மூன்றாம் படியைப் பருவம் முழுமைக்கும் பகிர்ந்துகொள்ளலாம். துறைசார் வல்லுநரை அழைத்துச் சொற்பொழிவாற்றச் செய்வது மட்டும் இதற்கு ஈடாகாது, அதுவும் காற்கூறே. அவ்வல்லுநர் மாணாக்கரின் திருத்தங்களை அவர்கள்முன் ஆராய்ந்தால் வருகை பயன்தரும்.

மதிப்பீடு மாறாதவரை இம்முறை நிலைபெறாது. பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25, பருவத்தேர்வுக்கு 75 என மதிப்பெண் பகுக்கப்பட்டுள்ளது. அந்த 25இல் ஒரு பகுதியேனும், மாணாக்கர் திருத்திய பக்கங்களுக்கும் அவற்றுக்கு அவர் கூறிய காரணங்களுக்கும் உரியதாக வேண்டும். பருவத்தேர்விலும் விதியைக் கூறுக என்னும் வினாவோடு, விதி தவறிய பத்தியைத் திருத்துக என்னும் வினாவும் இடம்பெறவேண்டும்.

தொழில்நோக்கு இலக்கியக் கல்வியைச் சுருக்கிவிடும் என்பது வலுவான மறுப்பு. வேலைக்காக இலக்கியத்தைக் குறைத்தால் அது உண்மையாகும். இங்கு வேண்டப்படுவது பாடக்குறைப்பன்று. பயிலும் முறையில் மாற்றமே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற காலத்தில் உ.வே. சாமிநாதையர் பாடம் கேட்டதோடு அமையாமல், ஆசிரியர் செய்யுள் இயற்றிச் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதும் பணியையும் மேற்கொண்டார். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த அவருடைய உழைப்பில், இலக்கியப் புலமையும் தொழில்நுணுக்கமும் பிரிக்கவொண்ணாதவாறு கலந்திருந்தன.

இலக்கியம் கற்றவர்க்கு ஆசிரியப்பணி ஒன்றே வழி என்னும் எண்ணம், அப்பணி கிட்டாத மாணாக்கர் பலரைக் கற்ற கல்வியையே ஐயுறச் செய்கிறது. குறை அவர்தம் கல்வியின் பொருளில் இல்லை. காற்கூற்றோடு அது நிறுத்தப்பட்டதில் உள்ளது. எஞ்சிய முக்காற்கூற்றை வகுப்பறைக்குள் மீட்பது தமிழ்த்துறைகளின் உடனடிக் கடமையாகும்.